ஒர்னெல்லா அம்மையாருக்கு ஒரு பக்கம்

இந்தக் கதையில் எல்லாம் நடந்தபடியேதான் இருக்கிறதா என்பது சொல்பவருக்கே நிச்சயமில்லை. மண்டபம் பிளாக்டவுனில் இருந்ததா, அதற்கு ஒரு ஸ்டேஷன் தள்ளி இருந்ததா என்பதில் குழப்பம் உண்டு. விளக்கேற்றிய பிரமுகர்கள் பதின்மூன்று பேரா, பதினைந்து பேரா என்பதும் தெரியாது. ஒற்றைப்படை என்பது மட்டும் உறுதி. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வரும். நித்தியானந்தனைக் கேட்டுச் சரிபார்க்கலாம் என்றால், அவர் யன்னலுக்கு வெளியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பிடித்தான் இருக்க வேணும்" என்பார். எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். ஆகையால் நினைவில் தங்கியதை, தங்கிய வரிசையிலேயே சொல்லவேண்டியிருக்கிறது.

நித்தியானந்தன் சிட்னியின் நார்த்மீட்டில் தனியாக வசிப்பவர். வீதி போடுவதற்கு முன் அந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதித்துச் சொல்லும் பொறியியலாளர். மண்ணோடு வேலை செய்வதில் அவருக்குப் பிடித்த விஷயம், மண் திருப்பிப் பேசாது என்பதுதான். பேச்சு அவருக்கு எப்போதுமே கொஞ்சம் களைப்பைத் தந்தது. அவருடைய மனைவி சிவகௌரிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கதிரையில் இயந்திரத்தோடு பிணைத்து உட்காரவைக்கப்பட்ட காலத்தில்தான் அவர் வாய் திறந்து நிறையப் பேசினார். அதுவும் சொந்தப் பேச்சல்ல. காத்திருப்பு அறையின் அலுமாரியில், அட்டை மடங்கிய பழைய சஞ்சிகைகளுக்கு நடுவில், ஒரு இத்தாலிய நாவலின் ஆங்கிலப் பதிப்புக் கிடந்தது. சிவகௌரிக்கு ஆங்கிலம் வாசிக்கப் பொறுமை இல்லை. அவர் அதைக் கையில் வைத்து, பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். அது முடிய அடுத்தது. முதலாவதில் ஒரு குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் சிவகௌரி திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் போன பிறகு அவர் முதல் நாவலை எடுத்து, ஆறு வருடமாக, வரி வரியாகத் தமிழில் எழுதினார். 'தண்ணீரில் நின்றவர்கள்' என்று பெயர் வைத்தார்.

அதை எழுதியவர் ஒர்னெல்லா பெலாத்தி. இத்தாலியின் வடக்கில் நெல் விளையும் தாழ்ந்த நிலத்தில் பிறந்தவர். தாய் களை பிடுங்கப் போனவள். மகளும் பதினாலு வயதில் கூடவே இறங்கினாள். பிறகு ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. அங்கே பொதி செய்யும் தாளின் பின்பக்கத்தில் கதை எழுதத் தொடங்கி, நாற்பத்தொரு நாவல்கள் எழுதிவிட்டார். அவை புத்தகக்கடைகளில் அல்ல, ரயில்வே ஸ்டேஷன் பெட்டிக்கடைகளில், பற்பசைக்கும் சீப்புக்கும் பக்கத்தில் விற்றன. கணவர்கள் மூவர். இருவரை அடக்கம் செய்தார். மூன்றாமவரை இருபத்தேழாவது நாவலில் கொன்றார். அம்மையாரைப் பற்றி ஒரு பெரிய விமர்சகர் எழுதிய ஒரே வாக்கியம், 'ரயிலுக்குக் காத்திருக்கும் பெண்கள் வாசிக்கும் எழுத்து' என்பது. அம்மையார் அதை அடுத்த நாவலின் பின்னட்டையில் பெரிய எழுத்தில் போட்டார்.

நித்தியானந்தன் அனுமதி கேட்டு எழுதியபோது, மெல்பேர்ணிலிருக்கும் அம்மையாரின் பெறாமகள், தங்கையின் மகள் கியாரா பதில் போட்டாள். பெரியம்மா இப்போது தங்கையைப் பார்க்க மெல்பேர்ண் வந்திருக்கிறார், அனுமதிக்குப் பணம் வேண்டாம், ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, எந்த மொழிக்குப் போனாலும் அந்த மொழியில் ஒரு பக்கத்தைக் காதால் கேட்பார், கேட்டுப் பிடித்தால் அனுமதித் தாளில் கையெழுத்து, பிடிக்காவிட்டால் இல்லை என்று எழுதியிருந்தாள். போனில் முடியாதாம். போனில் குரல் வருமாம், வாய் வராதாம். இரண்டு மொழிகள் அப்படி ஒரு பக்கத்திலேயே தோற்றுப் போயிருந்தன.

ஒரு பக்கம். இரண்டரை நிமிடத்தில் வாசித்து முடிக்கலாம். அதற்கு ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போதும். இந்த இடத்தில்தான் நித்தியானந்தன், பத்தொன்பது வருடமாகத் தாம் அங்கத்தவராக இருக்கும் மேற்கு சிட்னி முத்தமிழ் மேம்பாட்டுப் பேரவையில் இந்தச் செய்தியைச் சொன்னார். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. வீட்டில் ஆள் இல்லை.

பேரவையின் தலைவர் பாலகிருஷ்ணன், ஓய்வுபெற்ற பல் வைத்தியர். பதில் சொல்ல முடியாத நிலையில் வாய் திறந்து படுத்திருப்பவர்களோடு முப்பது வருடம் உரையாடிப் பழகியவர். வெளியீட்டு விழா எடுத்து அம்மையாரைச் சிட்னிக்கு அழைப்பதற்காக அவருடைய வீட்டுக் கராஜில் செயற்குழு கூடியது. அம்மையார் யார் என்று கேட்டார்கள். நித்தியானந்தன் சொன்னார்.

"நோபல் பரிசு கிடைச்சதோ?"

"இல்லை."

"கிடைக்க இருந்ததோ?"

நித்தியானந்தன் யோசித்தார். பேரவையின் யாப்பில், அதாவது அமைப்பு விதிகளில், பதினோராம் பிரிவு என்று ஒன்று உண்டு. கூட்டத்தில் ஒருவர் பேசாமல் இருந்தால் அவர் ஆதரித்ததாகவே கொள்ளப்படும். பாலகிருஷ்ணன் கொண்டுவந்த பிரிவு அது. அதன்படி பேரவையின் மிக உறுதியான ஆதரவாளர், பத்தொன்பது வருடமாக, நித்தியானந்தன்தான்.

"அப்ப, 'நோபல் பரிசை இன்னும் பெறாத' எண்டு போடுவம்," என்றார் பாலகிருஷ்ணன். "பொய் இல்லைத்தானே."

செயலாளர் நாகேஸ்வரிக்கு வேறு கவலை. புத்தகங்கள் எத்தனை பிரதி விற்றிருக்கும் என்று கேட்டார். மூன்று கோடிக்கு மேல் என்று சொல்கிறார்கள் என்றார் நித்தியானந்தன். கராஜில் ஒரு சங்கடம் பரவியது. ஒருவர் செருமினார். நாகேஸ்வரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நித்தி அண்ணை, நான் குறை சொல்லேல்லை. ஆனால் மூண்டு கோடி எண்டால் அது இலக்கியம் எண்டு நாங்கள் என்னெண்டு சொல்லுறது? எங்கடை போன விழா நூல் நாப்பது பிரதி. அதுவே கூடிப்போச்சு எண்டு சிலர் கதைச்சவை."

நீண்ட விவாதத்தின் பின், அம்மையாரின் கௌரவத்தைக் காப்பாற்றும் பொருட்டு, அழைப்பிதழில் 'தேர்ந்த சிலரால் மட்டுமே வாசிக்கப்பட்ட' என்று அச்சிடுவதென முடிவாயிற்று. நித்தியானந்தன் பேசவில்லை. ஏகமனதாக நிறைவேறியது.

நிகழ்ச்சி நிரல் எழுதப்பட்டபோது மட்டும் அவர் வாய் திறந்தார். ஏற்புரை என்று தமக்கு ஒதுக்கியிருப்பதை முன்னுக்குப் போட முடியுமா, அதில் ஒரு பக்கம் வாசிக்கவேண்டும், அம்மையார் அன்றிரவே மெல்பேர்ண் ரயிலைப் பிடிக்கவேண்டியவர் என்றார். ரயில் போகிற இடத்துக்கு அம்மையார் விமானத்தில் ஏறுவதில்லை.

பாலகிருஷ்ணன் அவரைப் பரிவோடு பார்த்தார். பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று சொல்வதற்கு முன் பார்க்கும் பார்வை.

"ஏற்புரை எண்டால் என்ன நித்தி? எல்லாரும் சொன்னதை ஏற்கிறது. அவையள் சொல்ல முந்தி நீங்கள் எதை ஏற்கிறது?"

நித்தியானந்தனுக்கு இரண்டு நாள் கழித்து, குளிக்கும்போதுதான் அதற்கு ஒரு பதில் வந்தது. அதற்குள் அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. சென்னையிலிருந்து முந்நூறு புத்தகங்களும் பெட்டிகளில் வந்து இறங்கிவிட்டன. கையெழுத்து இல்லாவிட்டால் அந்த முந்நூறையும் விற்க முடியாது, கொடுக்கவும் முடியாது.

விழாவன்று அம்மையாரும் கியாராவும் சிட்னி வந்து சேர்ந்தார்கள். நித்தியானந்தன் அவர்களை ஸ்டேஷனில் பிடித்து, அங்கேயே ஒரு தேநீர்க்கடையில் அந்தப் பக்கத்தை வாசித்துவிடலாம் என்று புறப்பட்டுப் போனார். பேரவையின் வரவேற்பு உபகுழு அவரை முந்திக்கொண்டது. அம்மையாரைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். சேலைக்கடைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவரைப் பார்க்க வந்தவர்கள் தங்களுக்கும் இரண்டு சேலை வாங்கினார்கள். பிறகு நாகேஸ்வரி வீட்டில் மதியச் சாப்பாடு. நித்தியானந்தன் அங்கே போய் மணியடித்தார். நாகேஸ்வரி கதவைப் பாதி திறந்தார்.

"பாவம், களைச்சுப்போனா. படுக்கட்டும்."

உள்ளேயிருந்து, இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கோ, அன்ரியின் தலை மறைக்குது என்று யாரோ படம் எடுக்கும் சத்தம் வந்தது.

"இரண்டரை நிமிசம்தான்," என்றார் நித்தியானந்தன்.

"அதில்லை அண்ணை. விழாவுக்கு முந்தி நூலைச் செய்தவர் பிரதம விருந்தினரைத் தனியச் சந்திச்சால் ஆக்கள் ஒருமாதிரிக் கதைப்பினம். நீங்கள் போட்டு வாங்கோ. மண்டபத்திலை பாக்கலாம்."

அவர் காருக்குள் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் தமக்குத்தாமே ஒருமுறை வாசித்தார். பிறகு மண்டபத்துக்குப் போய்க் கதிரை அடுக்கினார்.

நகரசபையின் மண்டபம் அது. அங்கே நெருப்பு மூட்டக்கூடாது, மீறினால் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும். அதனால் பேரவை ஒரு மின்சாரக் குத்துவிளக்கு வைத்திருந்தது. அதற்கு ஒரே ஒரு பொத்தான். ஆனால் மங்கல விளக்கேற்றப் பிரமுகர்கள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டு, ஒவ்வொருவரும் மேடையேறி, செருப்பைக் கழற்றி, அந்தப் பொத்தானை ஒருமுறை அமத்துவது மரபு. முதலாமவர் அமத்த விளக்கு எரியும். இரண்டாமவர் அமத்த அணையும். மூன்றாமவர் மறுபடி ஏற்றுவார். ஒவ்வொரு தடவையும் சபை கைதட்டும். கடைசியில் விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டுமென்பதால் பிரமுகர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும்படி நாகேஸ்வரி பார்த்துக்கொள்வார். ஒருமுறை ஒருவர் வராமல் போய், விழா முழுவதும் இருட்டு விளக்கோடு நடந்தது. அதன் பிறகு ஒரு மாற்றுப் பிரமுகர் எப்போதும் தயாராக நின்றார்.

மேடையின் பின்னால் ஆறடி அகலப் பதாகை. வடிவமைத்தவர் வரதராஜன். தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை, பேரவையின் நிகழ்ச்சித் தொகுப்பாளரும் அவரே. பேரவையின் கடைசி ஐந்து நிகழ்ச்சிகளில் நான்கு அஞ்சலிக் கூட்டங்கள். ஆகவே அவரிடம் இருந்த கோப்பு ஒன்றே. படத்தை மட்டும் மாற்றியிருந்தார். ஒர்னெல்லா அம்மையாரின் சிரித்த முகத்தைச் சுற்றிச் சம்பங்கி மாலை, இரண்டு பக்கமும் தீபம், கீழே பிறந்த ஆண்டு, அதன் பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்குப் பிறகு வெற்றிடம்.

நித்தியானந்தன் அவரிடம் மெதுவாக, மாலையை எடுக்க முடியாதா என்றார்.

"எடுத்தா மொட்டையா இருக்கும் சார். அதுவுமில்லாம அது லேயரோட ஒட்டிக்கிச்சு. அவங்களுக்கு என்ன தெரியப்போவுது? பூ எல்லா நாட்டுலயும் பூதானே?"

அம்மையார் வந்தார். எண்பத்து நாலு வயது, கைத்தடி, பெரிய கண்ணாடி, புதுச் சேலையை நீல நிறக் கம்பளிச் சட்டைக்கு மேலே யாரோ சுற்றிவிட்டிருந்தார்கள். பதாகையைக் கொஞ்சநேரம் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கோடு எதற்கு என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். நித்தியானந்தனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொன்னார். அம்மையார் தலையாட்டி, இடம் விட்டிருக்கிறார்கள், அது மரியாதைதான் என்றார். பிறகு, "பக்கம் எப்போது?" என்றார்.

"கடைசியில்."

"கடைசி எப்போது?"

அவர் பதில் சொல்வதற்குள் அம்மையாரை மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். மேடையில் பதினொரு கதிரைகள். அம்மையாருக்கு நடுவில் ஒன்று. மொழிபெயர்த்தவருக்குக் கதிரை போதவில்லை. அவர் முன்வரிசையில் கியாராவுக்குப் பக்கத்தில் இருந்தார். நிகழ்ச்சி, அழைப்பிதழில் கண்டதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தித் தொடங்கியது. கியாரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். விளக்கு எரிந்து அணைந்து எரிந்தது.

அடுத்தது அகவணக்கம், ஒரு நிமிட மௌனம். எல்லோரும் எழுந்தார்கள்.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பேரவையின் கூட்டங்களில் யார் பேசினாலும் பின்வரிசையில் இன்னொரு கூட்டம் நடக்கும். பிள்ளைகள் ஓடுவார்கள், கைப்பேசிகள் பாடும், குசினிப் பக்கம் பாத்திரம் உருளும். தலைவர் பேசினாலும் அப்படித்தான், தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் அப்படித்தான். ஆனால் அகவணக்கம் என்றதும் குசினியில் தண்ணீர்க் குழாயைக்கூட மூடிவிடுவார்கள். குழந்தைகளை இடுப்பில் தூக்கி வாயில் விரல் வைப்பார்கள். அந்த மண்டபத்தில் யாரையாவது பறிகொடுக்காத வீடு இல்லை. 'நன்றி, அமரலாம்' என்று ஒலிவாங்கியிலிருந்து வரும்வரை ஒருவரும் அசையமாட்டார்கள். நித்தியானந்தன் பத்தொன்பது வருடமாகப் பேரவைக்கு வந்துகொண்டிருந்தது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

யாருக்காக என்று கியாரா கண்ணால் கேட்டாள். இறந்துபோனவர்களுக்கு என்று நித்தியானந்தன் உதட்டசைவில் சொன்னார். மேடையில் அம்மையார் எல்லோருக்கும் பிறகே தலையை நிமிர்த்தினார்.

பிறகு உரைகள். வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரைகள். வாழ்த்தியவர்கள் தங்களுக்கு முன் வாழ்த்தியவர்களை வாழ்த்தினார்கள். பாலகிருஷ்ணன் தலைமையுரைக்கு எழுந்து, ஒலிவாங்கியைத் தம் உயரத்துக்குச் சரிசெய்தார்.

"நான் இந்த அம்மையாருடைய நூல்களை வாசிக்கவில்லை. வேண்டுமென்றே வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் ஒரு அபிப்பிராயம் வந்திருக்கும். அபிப்பிராயம் வந்தால் பக்கச்சார்பு வந்துவிடும். தலைமை என்பது நடுநிலை. இந்தப் பேரவையில் இதுவரை வெளியிட்ட எந்த நூலையும் நான் வாசித்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளுகிறேன்."

பலத்த கைதட்டல். அம்மையாரும் தட்டினார்.

வெளியீட்டுரை நாகேஸ்வரி. நூலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது என்று தொடங்கி, அட்டை வழவழப்பாக இருக்கிறது, எழுத்து கண்ணுக்கு இதமான அளவில் இருக்கிறது, பக்கங்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன என்றார். தொண்டை கட்டிக்கொண்டதால் அத்துடன் நிறுத்தினார். அடுத்து ஆய்வுரை. கன்பராவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆய்வாளர் ஒருவர், இத்தாலியருக்கும் தமிழருக்கும் உள்ள உறவை அதன் வேரிலிருந்து பார்க்கவேண்டும் என்று, ரோமாபுரிக்குப் போன மிளகில் ஆரம்பித்தார். மிளகு மெதுவாகக் கப்பலேறியது. காற்றுக்குக் காத்திருந்தது. கப்பல் செங்கடலுக்குள் நுழைந்து, ஒர்னெல்லா பெலாத்தி பிறக்க இன்னும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடம் இருக்கையில், மணி அடிக்கப்பட்டது.

அந்த உரைகளில் ஒன்றிலாவது நெல் வரவில்லை. நாற்று, சேறு, முழங்கால் அளவு தண்ணீர், குனிந்த முதுகு — அந்த மண்டபத்தில் பாதிப் பேருடைய வீடுகளில் இருந்ததும், அந்த அம்மையாரின் வீட்டில் இருந்ததும் அது ஒன்றுதான். நித்தியானந்தன் தம் மடியில் இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மையாருக்கு 'இத்தாலியச் செந்நாச் செல்வி' என்ற பட்டம் வழங்கப்பட்டது. பொன்னாடை போர்த்தினார்கள், ஒன்றல்ல, போர்த்த விரும்பியவர்கள் எல்லோரும். ஐந்தாவது பொன்னாடையில் அம்மையாரின் கைகள் மறைந்தன. ஏழாவதில் கண்ணாடி மட்டும் தெரிந்தது. முதற்பிரதி, அதன்பின் சிறப்புப் பிரதிகள்: பெயர் வாசிக்க, ஒருவர் எழுந்து வர, புத்தகத்தின் ஒரு முனையைத் தலைவரும் மறுமுனையை அவரும் பிடித்துக்கொண்டு கமெராவைப் பார்க்க. அனுமதி இன்னும் கையெழுத்தாகாத புத்தகங்கள் என்பதால் படம் எடுத்ததும் திரும்ப வாங்கி, அதே பிரதியை அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். வராதவர்களின் பெயர்களும் வாசிக்கப்பட்டன. அவர்களுக்காக வேறு சிலர் வந்து பிடித்தார்கள்.

கியாரா, இனிமேல் இருக்க முடியாது, ரயில் போய்விடும் என்றாள். மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள். இனி அடுத்த தடவை என்று ஒன்று இருக்குமா தெரியாது, பெரியம்மா அடுத்த வாரம் இத்தாலிக்கே திரும்புகிறார், இந்த வயதில் மறுபடி வரமாட்டார் என்றாள். ஒர்னெல்லா அம்மையார் மேடையிலிருந்து நித்தியானந்தனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரமும் நெருங்கிவிட்டதால், பின்னால் சாப்பாட்டைத் திறந்துவிட்டார்கள். இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்க் குழம்பும். சபை எழுந்து திரும்பி வரிசையாயிற்று. பிரமுகர்களுக்குத் தனி வரிசை. மேடையில் அம்மையாரைத் தவிர எல்லாக் கதிரைகளும் காலி. வரதராஜன் நித்தியானந்தனிடம் குனிந்தார்.

"சார், ஏற்புரை. ரெண்டே நிமிஷம். அதுலயே நன்றியுரையையும் சேத்துடுங்க, நாகேஸ்வரி அக்காவுக்குத் தொண்டை போச்சு. சமையல்காரர் பேரை விட்டுடாதீங்க, போன தடவை கோவிச்சுக்கிட்டார்."

நித்தியானந்தன் மேடையேறினார். ஒலிவாங்கியின் முன் நின்று, நன்றி எதுவும் சொல்லாமல், அந்தப் பக்கத்தின் முதல் வரியை வாசித்தார். அகப்பைகள் பாத்திரத்தில் மோதின. யாரோ யாரையோ, நீங்கள் எடுங்கோ, இல்லை நீங்கள் எடுங்கோ என்று உபசரித்தார்கள். அம்மையார் பொன்னாடைகளுக்குள்ளிருந்து ஒரு கையைச் சிரமப்பட்டு வெளியே எடுத்து, காதின் பின்னால் வைத்தார். பிறகு தலையை ஆட்டினார். கேட்கவில்லை. நித்தியானந்தன் இரண்டாம் தடவை வாசித்தார். கியாரா மேடைப் படியில் கைத்தடியோடும் பையோடும் வந்து நின்றாள்.

நித்தியானந்தன் வாசிப்பதை நிறுத்தினார். கொஞ்சநேரம் சும்மா நின்றார். யாரும் கவனிக்கவில்லை. பேசாமல் நிற்கிற நித்தியானந்தன் பேரவைக்குப் புதிதல்ல. கோபம் வந்ததா என்று பிறகு கேட்டபோது, இல்லை, கால் நொந்தது என்றார். ஆறு வருடமும் பத்தொன்பது வருடமும் சேர்ந்து கால் நொந்தது. அவர் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"எல்லாரும் ஒருக்கா எழும்பி நில்லுங்கோ. என்ரை மனிசி சிவகௌரிக்காக அகவணக்கம்."

அகப்பைகள் நின்றன. குசினியில் குழாய் நின்றது. இருந்தவர்கள் எழுந்தார்கள், வரிசையில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே தலை குனிந்தார்கள். கையில் தட்டு வைத்திருந்தவர்கள் தட்டோடு குனிந்தார்கள். அவர்களில் பலர் சிவகௌரியின் கையால் சாப்பிட்டவர்கள். ஒருவருடைய தட்டிலிருந்து சொதி வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கியது; அவர் அசையவில்லை. பாலகிருஷ்ணன் அப்போதுதான் ஒரு இடியப்பத்தை முழுதாக வாய்க்குள் வைத்திருந்தார். மெல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது. முப்பது வருடமாக மற்றவர்கள் இருந்த நிலையில் அவர் வாய் நிறையப் பேச்சற்று நின்றார்.

நித்தியானந்தன் ஒலிவாங்கியை விட்டு நகர்ந்து, அம்மையாரின் முன்னால் போய், அவருக்குத் தம் வாய் தெரியும்படி நின்றுகொண்டு, சாதாரணக் குரலில் வாசித்தார்.

வயலில் நிற்கும் பெண்கள் வேலை நேரத்தில் பேசக்கூடாது, பேசினால் கூலி வெட்டு, ஆனால் பாடலாம். ஆகவே அவர்கள் சொல்லவேண்டியதையெல்லாம் பாட்டில் வைத்துச் சொல்கிறார்கள். தண்ணீர் வேண்டும் என்று பாடுகிறார்கள். பாம்பு என்று பாடுகிறார்கள். ஒரு காலை, வரிசையில் ஒருத்தியின் இடம் காலியாக இருக்கிறது. இரவு காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் வழக்கம்போல அவளுக்கான அடியைப் பாடிவிட்டு, பதில் அடி வரவேண்டிய நேரம் முழுவதும் குனிந்தபடியே காத்திருக்கிறாள். வரிசை முழுவதும் காத்திருக்கிறது. கங்காணிக்கு எதுவும் விளங்கவில்லை. ஏனென்றால் யாரும் பேசவில்லை. பிறகு அவள் அடுத்த அடியை எடுக்கிறாள்.

ஒரு நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. ஒருவரும் நிமிரவில்லை. 'அமரலாம்' என்று வரவில்லை. பக்கம் முடிந்தபோது அம்மையார் ஒரு விரலை உயர்த்தி, தண்ணீர் வேண்டும் என்று பாடும் வரியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். சிவகௌரி திரும்பக் கேட்கும் வரி அதல்ல, காத்திருக்கும் வரி. நித்தியானந்தன் சொல்லப்பட்டதை வாசித்தார். அதன்பின், கேட்காமலே, மற்றதையும் வாசித்தார்.

"இந்த மொழியில் தண்ணீர் கனமாக இருக்கிறது," என்றார் அம்மையார். "சரி."

கியாராவின் கைப்பையின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஏழு பொன்னாடைகளையும் கழற்றிக் கதிரையில் மடித்து வைத்தார்கள். நித்தியானந்தன் அம்மையாரின் கையைப் பிடித்து, தலை குனிந்து நின்ற இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் நடத்திக்கொண்டுபோய்க் காரில் ஏற்றினார். கதவைச் சாத்தி, ஸ்டேஷனை நோக்கி ஓட்டினார்.

சபையை உட்காரச் சொல்ல மறந்துபோனார்.

எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. 'அமரலாம்' சொல்லும் உரிமை ஏற்புரையாளருக்கா, தலைவருக்கா, தொகுப்பாளருக்கா என்பது யாப்பில் இல்லை. தலைவருக்கோ வாய் நிறைய இடியப்பம். நகரசபைக் காவலாளி மண்டபத்தைப் பூட்ட வந்து, நிலைமையைப் பார்த்து, தானும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றதாகச் சொல்கிறார்கள். கடைசியில் ஒரு குழந்தை அழுததில் எல்லாம் கலைந்தது.

பேரவை நித்தியானந்தனை விசாரிக்க ஒரு குழு போட்டது. நிகழ்ச்சி நிரலில் இல்லாத இடத்தில் அகவணக்கம் செலுத்தியது, அதற்குள் வாசித்தது, சமையல்காரரின் பெயரை விட்டது என்று மூன்று குற்றம். அவர் ஒன்றுமட்டும் சொன்னார்: அன்றைக்கு மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை, பதினோராம் பிரிவின்படி எல்லாரும் ஆதரித்திருக்கிறார்கள். குழு நெடுநேரம் யோசித்தது. யோசித்த நேரம் முழுவதும் பேசாமல் இருந்ததால் குழுவும் அவரை ஆதரித்ததாகப் பதிவாயிற்று. அதற்கடுத்த பொதுக்கூட்டத்தில் பதினோராம் பிரிவை நீக்கினார்கள்.

பாலகிருஷ்ணன் மீண்டும் தலைவராகத் தெரிவானார். நாகேஸ்வரியின் தொண்டை சரியாயிற்று. வரதராஜன் வேலை மாறி மெல்பேர்ணுக்குப் போய், கிரெய்கிபர்னில் பேரவையின் கிளையொன்றை ஆரம்பித்திருக்கிறார். பதாகை அதே கோப்பு. ஆய்வாளரின் மிளகு இன்னும் ரோமாபுரி போய்ச் சேரவில்லை.

ஒர்னெல்லா பெலாத்தி ரயிலைப் பிடித்தார். ஊருக்குத் திரும்பி நாற்பத்திரண்டாவது நாவலை எழுதினார். அதில் ஒரு ஊரே சாப்பாட்டுத் தட்டோடு தலை குனிந்து நிற்கும் காட்சி ஒன்று வருகிறது. நம்பும்படியாக இல்லை என்று ஒரு விமர்சகர் எழுதினார். அது அடுத்த பதிப்பின் பின்னட்டையில் வந்தது. அதற்கடுத்த குளிர்காலத்தில் அம்மையார் தூக்கத்தில் இறந்தார். பேரவை அஞ்சலிக் கூட்டம் வைத்தது. வரதராஜன் மெல்பேர்ணிலிருந்தே கோட்டுக்குப் பிறகு ஆண்டைப் போட்டு அனுப்பினார்.

முந்நூறு பிரதிகளில் முப்பதோ நாற்பதோ விற்றன. மற்றவை நார்த்மீட்டில், நித்தியானந்தனின் கராஜில் இருக்கின்றன. அவர் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையின் அலுமாரியில், பழைய சஞ்சிகைகளுக்கு நடுவில், ஒரு பிரதியைக் கொண்டுபோய் வைத்தார். சில கிழமை கழித்துப் பார்த்தபோது அதைக் காணவில்லை. யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். அவர் வீட்டுக்குப் போய் இன்னொன்று கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார்.